எந்த நேரத்தில் எத்தனை பேர்?

புகைவண்டி நிலையத்தில் சீட்டு வாங்கச் செல்கிறீர்கள். ஆறு சன்னல்களில் இரண்டு மட்டுமே திறந்திருக்கின்றன. வரிசையோ வாயிற்படி வரை நீண்டிருக்கிறது. "இவ்வளவு கூட்டத்தில் இன்னும் இரண்டு சன்னல்களைத் திறந்தால் என்ன?" என்று முன்னால் நிற்பவர் சலித்துக்கொள்கிறார். அதே இடத்திற்குப் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். வரிசையே இராது. சன்னலுக்கு அப்பால் இருப்பவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அமர்ந்திருப்பார்.

உணவு விடுதி, துணிக்கடை, மருத்துவமனை, வங்கி, பேருந்துப் பணிமனை என எங்கு பார்த்தாலும் இதே நிலைதான். வேலை ஒரு சீராக வருவதில்லை, ஏறுகிறது, இறங்குகிறது. ஆனால் ஆட்களை நிமிடத்திற்கு நிமிடம் கூட்டவும் குறைக்கவும் முடியாது. பொருள்களானால் ஒரு வழி உண்டு. தேவை குறைந்த நாளில் செய்து அடுக்கி வைத்து, தேவை மிகுந்த நாளில் எடுத்து விற்கலாம். இட்லி மாவைக்கூட முதல் நாளே அரைத்து வைக்கலாம். ஆனால் பரிமாறுபவரின் வேலையற்ற பிற்பகலைச் சேமித்து வைத்து, இரவு எட்டு மணிக் கூட்டத்திற்கு எடுத்துக்கொள்ள இயலுமா?

அப்படியானால் எந்த நேரத்தில் எத்தனை பேர் இருந்தால் போதும்? அவர்களுக்கு வேலை நேரத்தை எப்படிப் பங்கிடுவது? இது முதலாளியின் அனுபவத்திற்கும் மேஸ்திரியின் சாமர்த்தியத்திற்கும் மட்டும் உரிய செய்தி என்று தோன்றலாம். உண்மையில் நூறாண்டுக்கும் மேலாக வளர்ந்துவரும் ஓர் அறிவியல் இதற்கு உண்டு. அதன் அடிப்படைகளை இங்கே காண்போம்.

இருவகை மாற்றங்கள்

முதலில் வேலையின் ஏற்ற இறக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணிக்கடையில் கூட்டம் நெரியும். மாதத் தொடக்கத்தில் வங்கியில் வேலை மிகும். உணவு விடுதியில் நண்பகலும் இரவும் கூட்டம்; இடையில் ஓய்வு. இத்தகைய மாற்றங்களைச் சென்ற ஆண்டுக் கணக்குகளைப் புரட்டினாலே அறிந்துகொள்ளலாம். இவை முன்னறியத் தக்கவை.

இரண்டாவது வகை வேறு. அதே திங்கட்கிழமை, அதே காலை பத்து மணி. ஒரு வாரம் மூன்று நிமிடத்தில் எட்டுப் பேர் வருகின்றனர், மறுவாரம் நால்வர், அதற்கடுத்த வாரம் பன்னிருவர். இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. இது தற்செயல் மாற்றம். எந்த மேலாளராலும் இதை ஒழிக்க முடியாது. ஆனால் இதன் அளவைக் கணக்கிட முடியும் என்பதுதான் வியப்பு. அதைச் செய்து காட்டியவர் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் ஆக்னர் கிராருப் எர்லாங் (1878–1929).

தொலைபேசியும் ஆல்ஃபா துகளும்

சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்த எர்லாங், 1908ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நாளில் ஒருவர் தொலைபேசியை எடுத்தால், இணைப்பகத்தில் அமர்ந்திருக்கும் பெண் ஆபரேட்டர் "எந்த எண் வேண்டும்?" எனக் கேட்டு, ஒரு செருகியைக் கையால் உரிய துளையில் பொருத்தி இணைப்புத் தருவார். ஆபரேட்டர்கள் குறைவானால் சந்தாதாரர் காத்திருக்க வேண்டும். மிகுதியானால் நிறுவனத்திற்குச் செலவு. எத்தனை பேர் வேண்டும் என்பதே எர்லாங்கின் முன் இருந்த கேள்வி.

நகரிலுள்ள ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் கலந்து பேசிக்கொண்டு தொலைபேசியை எடுப்பதில்லை. ஒருவர் அழைப்பதற்கும் மற்றவர் அழைப்பதற்கும் தொடர்பு இல்லை. இவ்வாறு தொடர்பற்ற பல நிகழ்ச்சிகள் தற்செயலாக நேரும்போது, ஒரு குறித்த இடைவெளியில் அவற்றின் எண்ணிக்கை எப்படிப் பரவியிருக்கும் என்பதற்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் 1837ஆம் ஆண்டிலேயே ஒரு சூத்திரம் தந்திருந்தார். தொலைபேசி அழைப்புகள் இச்சூத்திரத்திற்கு இணங்குகின்றன என்பதை 1909ஆம் ஆண்டுக் கட்டுரையில் எர்லாங் நிறுவினார்.

இயற்பியல் மாணவர்கள் இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். மறு ஆண்டு, 1910இல், மான்செஸ்டரில் ரதர்போர்டும் கைகரும் பொலோனியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை எண்ணினர். ஏழரை வினாடி கொண்ட 2608 இடைவெளிகளை எடுத்துக்கொண்டனர். சராசரியாக ஓர் இடைவெளிக்கு 3.87 துகள்கள். ஒரு துகள்கூட வராத இடைவெளிகள் 57. பாய்சான் சூத்திரம் தரும் எண் 54. அணுக்கரு சிதைவதும் கோப்பன்ஹேகன் வணிகர் தொலைபேசியை எடுப்பதும் ஒரே கணக்கில் அடங்கிவிட்டன!

இச்சூத்திரம் நமக்குச் சொல்வதென்ன? ஒரு விசாரணை மையத்திற்கு மணிக்கு 160 அழைப்புகள் வருகின்றன என்று கொள்வோம். மூன்று நிமிடத்திற்குச் சராசரி 8. ஆனால் சரியாக 8 அழைப்புகள் வருவது ஏறக்குறைய ஏழு இடைவெளிகளில் ஒன்றில்தான். பத்தில் ஒரு பங்கு இடைவெளிகளில் நான்கோ அதற்குக் குறைவோ வரும். ஒன்பதில் ஒரு பங்கில் பன்னிரண்டோ அதற்கு மேலோ வரும். சராசரி என்பது கணக்கேட்டில் இருப்பது. ஆபரேட்டரின் முன் வந்து நிற்பது சராசரி அன்று.

எட்டுப் பேர் வேலைக்கு எட்டுப் பேர் போதுமா?

மேற்கூறிய மையத்தில் ஓர் அழைப்புக்குச் சராசரியாக மூன்று நிமிடம் பேச வேண்டியிருக்கிறது என்போம். 160 அழைப்புகளுக்கு 480 நிமிடம். அதாவது எட்டு மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் வந்து சேர்கிறது. இதை 8 எர்லாங் பளு என்பர். (அவருடைய பெயர் 1946ஆம் ஆண்டில் இந்த அலகுக்குச் சூட்டப்பட்டது.) எட்டுப் பேர் வேலை, எட்டுப் பேரை அமர்த்தினால் யாரும் சும்மா இருக்கவேண்டியதில்லை. கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது?

இல்லை. எட்டுப் பேரை அமர்த்தினால் வரிசை ஓயாமல் வளர்ந்துகொண்டே போகும். அழைப்பு குறைவாக வரும் நிமிடங்களில் வீணான நேரம் வீணானதுதான். அதை மீட்க முடியாது. அழைப்பு மிகுதியாக வரும் நிமிடங்களில் சேர்ந்த பாக்கியோ அப்படியே நிற்கும். வரவு இல்லாமல் செலவு மட்டும் எழுதப்படும் பேரேட்டைப் போன்றது இது.

1917ஆம் ஆண்டில் எர்லாங் வெளியிட்ட சூத்திரத்தைக் கொண்டு, பேசும் நேரமும் ஆளுக்கு ஆள் கூடிக் குறையும் எனக் கொண்டு கணக்கிட்டால் கிடைக்கும் விடைகள் இவை:

9 பேர் இருந்தால், சராசரிக் காத்திருப்பு 118 வினாடி.
10 பேர் இருந்தால், 37 வினாடி.
11 பேர் இருந்தால், 15 வினாடி.
12 பேர் இருந்தால், 6 வினாடி.

ஒன்பதாவது ஆளுக்குப் பின் பத்தாவதாக ஒருவரைச் சேர்த்தவுடன் காத்திருப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பன்னிரண்டாவது ஆள் சேர்வதால் மிச்சமாவது ஒன்பது வினாடிதான். ஆகவே ஆட்களைக் கூட்டிக்கொண்டே போவதும் அறிவுடைமை ஆகாது. ஒருவர்கூடச் சும்மா இருக்கலாகாது என்று குறைப்பதும் அறிவுடைமை ஆகாது. பத்துப் பேர் உள்ள மையத்தில் ஒவ்வொருவரும் தம் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஓய்வாக இருப்பர். மேற்பார்வையாளரின் கண்ணுக்கு இது சோம்பலாகத் தெரியும். ஆனால் அந்த ஓய்வு இருப்பதால்தான் அழைப்பவர் அரை நிமிடத்தில் பதில் பெறுகிறார்.

ஒரே ஒரு சன்னல் உள்ள இடத்திற்கு இதைவிட எளிய சூத்திரம் உண்டு. ஊழியர் தம் நேரத்தில் எவ்வளவு பங்கு வேலையில் ஈடுபட்டிருக்கிறாரோ அப்பங்கை, அவர் ஓய்வாக இருக்கும் பங்கால் வகுத்து, ஒருவருக்கு ஆகும் நேரத்தால் பெருக்கினால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் நேரத்தில் 50 விழுக்காடு வேலை இருந்தால் காத்திருப்பு 3 நிமிடம். 80 விழுக்காடானால் 12 நிமிடம். 90 விழுக்காடானால் 27 நிமிடம். 95 விழுக்காடானால் 57 நிமிடம். கடைசி ஐந்து விழுக்காட்டைக் கசக்கிப் பிழிவதற்காக வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரும் அரைமணி நேரம் கூடுதலாக நிற்க நேர்கிறது.

சேர்த்து வைத்தால் மிச்சம்

இங்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. நாம் கண்ட மையத்தை இரண்டாகப் பிரித்து, பாதி அழைப்புகளை ஐவரிடமும் மறுபாதியை வேறு ஐவரிடமும் தனித்தனியே விடுவோம். ஆட்கள் அதே பத்து. அழைப்புகளும் அதே 160. ஆனால் காத்திருப்பு 37 வினாடியிலிருந்து 100 வினாடியாக ஏறிவிடுகிறது. ஒரு பக்கம் ஐவரும் திணறும்போது மறுபக்கம் ஒருவர் ஓய்வாக இருக்கலாம். இடையில் சுவர் இருப்பதால் அவர் உதவ முடிவதில்லை.

வங்கியிலும் விமான நிலையத்திலும் சன்னலுக்கு ஒரு வரிசை என்பதை மாற்றிப் பொது வரிசை ஒன்றை அமைப்பதன் காரணம் இதுவே. இதையே ஆட்களின் திறமைக்கும் பொருத்தலாம். பணம் வாங்குபவர் பொட்டலம் கட்டவும், பொட்டலம் கட்டுபவர் பணம் வாங்கவும் பழகியிருந்தால் கடையில் உள்ள சுவர் மறைந்துவிடுகிறது. தேவைக்கேற்ப வளைந்து கொடுக்கும் அமைப்பு வேண்டுமானால், முதலில் செய்யவேண்டியது ஆட்களுக்கு இரண்டு வேலை கற்றுக்கொடுப்பதே.

அளவு பெரிதாகப் பெரிதாகக் கையிருப்பாக வைக்கவேண்டிய ஆட்களின் விகிதம் குறையும் என்பதும் எர்லாங் கணக்கின் விளைவே. தோராயமாக, பளுவின் வர்க்கமூலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். 9 எர்லாங் பளுவுக்கு மூவரைச் சேர்த்து 12 பேர். 100 எர்லாங் பளுவுக்குப் பத்துப் பேரைச் சேர்த்து 110 பேர். முன்னதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பின்னதில் பத்தில் ஒரு பங்கே கூடுதல். சிறிய கடைக்காரர் பெரிய நிறுவனத்தோடு போட்டியிடும்போது படும் தொல்லைகளில் இதுவும் ஒன்று.

சுங்கச் சாவடியில் ஒரு சோதனை

ஒவ்வொரு நேரத்திலும் எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கண்டறிந்தாயிற்று. அடுத்த சிக்கல், அந்த எண்ணிக்கையை ஷிப்டுகளாக மாற்றுவது. காலை எட்டிலிருந்து ஒன்பது வரை பத்துப் பேர், ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நால்வர் என்று தேவை இருக்கலாம். ஆறு பேரை ஒரு மணி நேர வேலைக்கு வரவழைத்து வீட்டிற்கு அனுப்ப முடியுமா? மனிதர் தொடர்ச்சியாகச் சில மணி நேரம் வேலை செய்வர், நடுவே உண்பர், இளைப்பாறுவர்.

நியூயார்க் துறைமுக ஆணையத்தில் பணியாற்றிய லெஸ்லி எடி என்பவர் 1954ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த ஆணையம் பாலங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் வாகனங்களிடம் சுங்கம் வசூலித்து வந்தது. பழக்கத்தால் வந்த விதிகளைக் கொண்டு ஆட்கள் ஒதுக்கப்பட்டனர்; எத்தனை சாவடிகளைத் திறப்பது என்பதை மேற்பார்வையாளர் அவ்வப்போது நிலைமையைப் பார்த்து முடிவு செய்வார். எடி வாகனங்களை எண்ணினார். அவை நின்ற நேரத்தை அளந்தார். ஒவ்வொரு நேரத்திற்கும் தேவையான சாவடிகளின் எண்ணிக்கையையும், வசூலிப்பவர்களின் வேலை நேரத்தையும், அவர்களுக்கு உரிய இடை ஓய்வையும் முன்கூட்டியே வகுத்துவிடலாம் எனக் காட்டினார். செயல்முறை ஆராய்ச்சித் துறையில் சிறந்த எழுத்துக்கு வழங்கப்படும் லான்செஸ்டர் பரிசு முதன்முதலாக இக்கட்டுரைக்குக் கிடைத்தது.

'முன்கூட்டியே' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

அதே ஆண்டில் ஜார்ஜ் டான்ட்சிக், எடியின் கட்டுரைக்கு ஒரு குறிப்பு எழுதினார். நேரியல் திட்டமிடலில் இன்று மாணவர்கள் படிக்கும் சிம்ப்ளக்ஸ் முறையை 1947இல் வகுத்தவர் இவரே. எத்தனை வகை ஷிப்டுகள் உண்டோ அத்தனை மாறிகளை எடுத்துக்கொள். ஒவ்வொரு நேரப் பகுதியிலும் பணியில் இருப்போரின் கூட்டுத்தொகை தேவைக்குக் குறையலாகாது என்று சமனிலிகளை எழுது. மொத்த ஆட்களைச் சிறுமமாக்கு. இதுவே அவர் சொன்ன வழி. இன்று விமானப் பணியாளர், செவிலியர், பேருந்து ஓட்டுநர் ஆகியோருக்கு வேலை அட்டவணை போடும் கணிப்பொறி நிரல்களின் வேர் இதுதான்.

ஒரு கடைக் கணக்கு

நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கைத் தருகிறேன். ஒரு கடைக்குத் திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நாள்களில் மூவர் வீதம் தேவை. வியாழன் நால்வர், வெள்ளி ஐவர், சனி, ஞாயிறு இரு நாளும் அறுவர் வீதம். ஒவ்வொருவரும் வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்வர். இரண்டு நாள் ஓய்வு. எத்தனை பேரை நியமிக்க வேண்டும்?

மொத்தத் தேவை 3+3+3+4+5+6+6, அதாவது 30 ஆள்-நாள்கள். ஐந்தால் வகுத்தால் ஆறு. ஆகவே ஆறு பேர் போதும் என்று தோன்றும். ஒரு வகையில் போதும்தான். ஆனால் "ஓய்வு நாள் இரண்டும் அடுத்தடுத்து வரவேண்டும்" என்று ஒரு நிபந்தனை போட்டுப் பாருங்கள். சனி, ஞாயிறுகளில் அறுவருமே வரவேண்டும். எனவே ஓய்வு திங்கள் முதல் வெள்ளிக்குள் அமையவேண்டும். மொத்த ஓய்வுகள் 12. திங்கள் 3, செவ்வாய் 3, புதன் 3, வியாழன் 2, வெள்ளி 1 என்று துல்லியமாகப் பொருந்த வேண்டும். திங்கள் ஓய்வுபெறும் மூவரும் செவ்வாயும் ஓய்வு பெறுவர். புதனில் தொடங்கும் மூவரும் வியாழன் ஓய்வு பெறவேண்டும். ஆனால் வியாழனில் இருவருக்குத்தான் இடம். ஒருவர் புதனும் வெள்ளியுமாக உடைந்த ஓய்வு பெற்றாலன்றிக் கணக்குப் பொருந்தாது.

இந்த அட்டவணையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் எந்த நாளானாலும் ஆள் குறையும். யாருக்கும் ஒரு ஞாயிறுகூட ஓய்வு இல்லை. உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் போகவும் வழியில்லை.

இப்பொழுது ஏழு பேரை நியமிப்போம். மூவருக்குத் திங்கள்-செவ்வாய் ஓய்வு, மூவருக்குப் புதன்-வியாழன், ஒருவருக்குச் சனி-ஞாயிறு. எல்லா நாளும் தேவை நிறைவேறுகிறது. முறை வைத்துச் சுற்றினால் ஏழு வாரத்திற்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் சனி, ஞாயிறு ஓய்வு கிடைக்கும். திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் ஒருவர் வராவிட்டாலும் கடை தள்ளாடாது. ஏழாவது ஆளின் சம்பளம் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் அச்செலவு எதற்காக என்பது நமக்குத் தெரிகிறது.

ஏழு பேருக்குக் கையால் கணக்கிடலாம். முப்பது பேர், ஒவ்வொருவருக்கும் ஏழு வகை வார அட்டவணை என்றால் மொத்த வாய்ப்புகள் 26 இலக்க எண் ஒன்றாகும். கணிப்பொறி இல்லாமல் ஆகாது என்பது விளங்கும்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

இரவிலும் இயங்கும் ஆலைகளில் இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது. நம் உடலின் வெப்பநிலை, உறக்கம், சில சுரப்புகள் ஆகியவை ஏறக்குறைய ஒரு நாள் கொண்ட சுழற்சியில் இயங்குகின்றன. இந்த உட்கடிகாரத்தின் இயல்பான சுற்றுக்காலம் பெரும்பாலோர்க்கு 24 மணியைவிடச் சற்றே மிகுதி. ஆகையால் நேரங்கழித்து உறங்கப் பழகுவது எளிது. முன்னதாக உறங்கப் பழகுவது கடினம்.

அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் உப்பு நீரிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் ஆலை ஒன்றில் ஷிப்டுகள் வாரந்தோறும் இரவு, மாலை, பகல் என்று பின்னோக்கி மாறிவந்தன. சார்லஸ் செய்ஸ்லரும் அவருடைய கூட்டாளிகளும் இதைப் பகல், மாலை, இரவு என்று முன்னோக்கித் திருப்பினர். ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் மாற்றாமல் 21 நாளுக்கு ஒருமுறை மாற்றினர். தொழிலாளரின் மனநிறைவும் உடல்நலமும் மேம்பட்டன. ஆலையின் உற்பத்தியும் கூடியது. இந்த முடிவுகள் 1982ஆம் ஆண்டில் வெளியாயின. ஆட்களையோ இயந்திரங்களையோ கூட்டாமல், ஷிப்டு சுற்றும் திசையையும் வேகத்தையும் மாற்றியதால் வந்த பயன் இது. இரவுப் பணி சிறிய செய்தி அன்று. அதனைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இல் சேர்த்தது. 2019இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது.

ஏற்ற இறக்கத்தை யார் சுமப்பது?

இனி இந்த அறிவியலின் மறுபக்கத்தைக் காண்போம். கணிப்பொறி விலை குறைந்து, ஒவ்வொரு கால்மணி நேர விற்பனையும் உடனுக்குடன் பதிவானபின், அமெரிக்கச் சில்லறை விற்பனைக் கடைகளில் ஒரு வழக்கம் பரவியது. ஊழியருக்கு ஷிப்டு உண்டா இல்லையா என்பது உறுதியாகச் சொல்லப்படாது. சில மணி நேரத்திற்கு முன் கடையை அழைத்துக் கேட்கவேண்டும். "வா" என்றால் போகவேண்டும். "வேண்டாம்" என்றால் அன்று சம்பளம் இல்லை. கூட்டம் குறைந்தால் நடு ஷிப்டில் வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு.

கணக்கேட்டில் இது மிகச் சிக்கனம். வேலைக்கேற்ற ஆள், ஆளுக்கேற்ற வேலை. ஆனால் நாம் முதலில் கண்டதை நினைவுகூருங்கள்: தற்செயல் மாற்றத்தை யாராலும் ஒழிக்க முடியாது. கடையின் ஏட்டிலிருந்து மறைந்த ஏற்ற இறக்கம் ஊழியரின் வீட்டில் போய் அமர்ந்தது. பிள்ளையை யாரிடம் விடுவது, மாலைக் கல்லூரியில் சேரலாமா, இந்த மாத வாடகைக்குப் பணம் சேருமா என்ற எதற்கும் அவரிடம் விடை இல்லாமற் போயிற்று.

இந்த வழக்கத்திற்கு எதிராகக் குரல்கள் எழுந்தன. 2014இல் சான் பிரான்சிஸ்கோ நகரம், பெரிய சங்கிலிக் கடைகள் ஊழியரின் அட்டவணையை இரண்டு வாரம் முன்னதாக அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. சியாட்டில், நியூயார்க் நகரங்களிலும் இத்தகைய விதிகள் 2017இல் நடைமுறைக்கு வந்தன. மாநிலம் முழுமைக்கும் முதலில் சட்டம் இயற்றியது ஆரிகன், ஆண்டு 2017.

சட்டத்தால் கடைக்கு நட்டம் வராதா? இக்கேள்விக்கு ஒரு நேரடிச் சோதனை நடந்தது. ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பெர்ட், சரவணன் கேசவன் ஆகிய ஆய்வாளர்கள் கேப் என்னும் துணிக்கடை நிறுவனத்தின் 28 கடைகளை சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ வட்டாரங்களில் எடுத்துக்கொண்டனர். 2015 நவம்பர் முதல் 2016 ஆகஸ்டு வரை 35 வாரங்கள் ஆய்வு நடந்தது. அழைத்தால் வரும் ஷிப்டை நீக்குவதும், இரண்டு வாரம் முன்னதாக அட்டவணை தருவதும் எல்லாக் கடைகளுக்கும் பொது. அவற்றில் 19 கடைகளில் மேலும் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. ஷிப்டுகளின் தொடக்கமும் முடிவும் ஓரளவு நிலையாக்கப்பட்டன. ஊழியர் சிலருக்கு வாரத்திற்குக் குறைந்தது 20 மணி நேரம் வேலை தர முயற்சி செய்யப்பட்டது. மேலாளரை நடுவில் வைக்காமல் ஊழியர்களே கைப்பேசி வழியாக ஷிப்டுகளை மாற்றிக்கொள்ள வகை செய்யப்பட்டது. தேவை மிகுந்த சில வேளைகளில் கூடுதலாக ஆள் சேர்க்கப்பட்டது.

மற்ற ஒன்பது கடைகளோடு ஒப்பிடும்போது இந்தக் கடைகளின் விற்பனை சுமார் 7 விழுக்காடு உயர்ந்தது. ஓர் ஆள் மணி நேரத்திற்கான விற்பனையும் 5 விழுக்காடு உயர்ந்தது. எர்லாங்கின் கணக்கைக் கண்ட நமக்கு இது பெரும் புதிர் அன்று. ஆள் தட்டுப்பாடான வேளையில் கூடுதலாக ஒருவர் நிற்பது, ஒன்பதுக்குப் பத்தாவது ஆளைச் சேர்ப்பதைப் போன்றது.

இந்த ஆய்வு மற்றொன்றையும் வெளிப்படுத்தியது. அட்டவணை குலைந்ததற்கு எப்போதும் வாடிக்கையாளரே காரணமாக இல்லை. சரக்கு லாரியில் எவ்வளவு வருகிறது என்ற செய்தி தவறாக வருவதும், தலைமையகம் கடைசி நேரத்தில் விற்பனைத் திட்டத்தை மாற்றுவதும் பெரும் பங்கு வகித்தன. தற்செயல் என்று எண்ணியிருந்ததில் ஒரு பகுதி, மேலிடத்தில் சற்று முன்யோசனை இருந்தால் தவிர்த்திருக்கக் கூடியதே.

நம் மாநிலத்திலும் இது பேசப்பட்ட பொருள்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வேலைக்கு வரம்பிட்டது. நெகிழ்வான வேலைநேரம் என்ற பெயரில் அத்தகைய வரம்புகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்க வகைசெய்யும் திருத்தம் ஒன்றைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றியது. இது 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

நெகிழ்வு என்ற சொல் எங்கு வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கவேண்டும். நெகிழ்ந்து கொடுப்பவர் யார்? அது அவருக்கு எத்தனை நாள் முன்னதாகத் தெரியும்? ஊழியர் தம் ஷிப்டைத் தோழரோடு மாற்றிக்கொள்வதும் நெகிழ்வுதான். காலையில் எழுந்து இன்று வேலை உண்டா என்று கேட்பதும் நெகிழ்வுதான். எர்லாங்கின் சூத்திரமும் டான்ட்சிக்கின் சமனிலிகளும் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். எந்த நிபந்தனையை எழுதுகிறோமோ அதற்கேற்ற விடையையே அவை தரும். எடி 1954இல் காட்டியது போல, தேவையை முன்கூட்டியே கணக்கிட முடியுமானால், அக்கணக்கை ஊழியருக்கும் முன்கூட்டியே சொல்ல முடியும்.

நீங்களும் செய்து பாருங்கள்

மாணவர்கள் இக்கோடை விடுமுறையில் ஒரு சிறு ஆய்வு செய்யலாம். நூலகம், அஞ்சலகம், பால் நிலையம் என ஏதேனும் ஓரிடத்தில், அங்குள்ளோரின் இசைவு பெற்று, ஒரு மணி நேரம் அமருங்கள். ஒவ்வொரு மூன்று நிமிடத்திலும் எத்தனை பேர் வந்தனர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இருபது எண்கள் கிடைக்கும். அவற்றின் சராசரியையும் மாறுபாட்டெண்ணையும் கணக்கிடுங்கள். பாய்சான் பரவலில் இவை இரண்டும் சமம். உங்கள் விடைகள் ஏறக்குறைய நெருங்கி வந்தால், அங்கு வருவோர் ரதர்போர்டின் ஆல்ஃபா துகள்களைப் போலத் தற்செயலாக வருகின்றனர் எனக் கொள்ளலாம். மாறுபாட்டெண் மிகப் பெரிதானால், பேருந்து வந்து நின்றதும் கூட்டமாக வருவது போன்ற காரணம் ஏதோ இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

பிறகு, சன்னலுக்கு அப்பால் இருப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: அடுத்த வாரம் தமக்கு எந்தெந்த நேரம் வேலை என்பது இன்றே அவருக்குத் தெரியுமா? அந்த விடையையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.